ஒரு ஆளோட கதைய வச்சு என்ஜிஓங்க எப்படி ஆதரவு திரட்டுறாங்க?

கடல்பாசி எடுக்குற பொம்பளைங்க பிரச்சினைய பேசும்போது கணக்கெல்லாம் சொல்லாம ஏன் ஒரே ஒரு அக்கா வீடியோவ போடுறாங்கனு கேட்டிருக்கீங்க. ஆயிரம் பேருனு சொன்னா மனசுல ஒட்டாதுங்க, அதான். 2007ல ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக்னு மூணு பேரு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ஆப்பிரிக்கப் பஞ்சத்தப் பத்தி வெறும் எண்ணிக்கை படிச்சவங்கள விட மாலி நாட்டுச் சின்னப்புள்ள ஒண்ணோட கதைய படிச்சவங்க ரெண்டு மடங்கு காசு குடுத்திருக்காங்க, கதையோட கணக்கையும் சேர்த்துக் குடுத்தா காசு மறுபடி குறைஞ்சிருச்சாம், அதான் வேடிக்கை.

ஆனா காசு வேற, ஆள் சேர்க்குறது வேற. பாம்பன் கிட்ட இருக்குற சின்னப்பாலம் ஊருப் பக்கம் ஒரு அக்கா விரல்ல துணியச் சுத்திக்கிட்டு கடல்ல முங்கி பாசி பறிக்கிறத காட்டி "பாவம்"னு முடிச்சா, பாக்குறவன் நூறு ரூபா போட்டுட்டு அடுத்த ரீல்ஸ்க்கு போயிருவான். 1986ல மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் அதச் சுத்துன கடலையும் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, அவங்க ஆத்தா காலத்துல இருந்து பாசி எடுத்த இடத்துக்கு போறதே இப்ப குத்தம், இத மாத்த அதிகாரம் யாருகிட்ட இருக்கு, நீங்க எந்த மனுவுல கையெழுத்து போடணும்னு கதை அதுவரைக்கும் போகணும்.

கேமரா முன்னால வேணும்னே அழ வைக்கிற கோஷ்டிய எனக்கு சுத்தமா புடிக்காது. முகம் வெளிய வந்தா கேஸ், அபராதம்னு மாட்டப்போறது அந்த அக்காதான், அதனால போடுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போட்டுக் காட்டி சம்மதம் கேக்கணும், வேணாம்னா தூக்கிரணும்.