குளிர் நாட்டில் ஓர் ஊரைத் திட்டமிடும்போது மக்களின் உடல், மன நலத்துக்காக எவற்றைக் கவனிக்க வேண்டும்? எல்லாவற்றையும் கண்ணாடிக் கூரைக்குள் கொண்டுவந்துவிட்டால் போதாதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போதாது. அதைச் செய்து பார்த்த ஊர்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1962இலும், கனடாவின் கால்கரியில் 1970இலும் கட்டிடங்களை மாடி உயரத்தில் இணைக்கும் மூடிய பாலங்கள் தொடங்கின. கால்கரியில் அதன் பெயரே 'பிளஸ் 15', அதாவது தெருவுக்கு 15 அடி மேலே. அலுவலகம் போகிறவருக்குச் சுகம்தான். ஆனால் கடையும் கூட்டமும் மேலே ஏறிவிடக் கீழே தெரு வெறிச்சோடும். மாலையில் அலுவலகம் மூடினால் பாலத்தின் பல பகுதிகளும் பூட்டப்படும். பேருந்து மட்டும் கீழேதான் வரும். அதற்காகக் காத்து நிற்பவருக்கு முன்னால் இருந்ததைவிட மோசமான தெரு மிஞ்சுகிறது.

இன்னொரு நட்டம் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அலுவலக விளக்கு 300 முதல் 500 லக்ஸ் தரும். மேகமூட்டமான குளிர்கால நண்பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். தூக்கத்தையும் மனநிலையையும் சீராக வைக்கும் உடற்கடிகாரத்துக்கு அந்த வெளிச்சம் வேண்டும். ஆகவே மக்களை உள்ளே அடைப்பது இலக்கு அல்ல. தினமும் அரை மணி நேரமாவது வெளியே நடக்க வைப்பதே இலக்கு. கனடாவின் எட்மண்டன் நகரம் 2016இல் வெளியிட்ட குளிர்கால வடிவமைப்பு வழிகாட்டி காற்றைத் தடு, வெயிலைப் பிடி, நிறம் சேர், ஒளியை அழகாகப் பயன்படுத்து, குளிர்கால வாழ்வுக்கான வசதிகளைக் கட்டு என்று போவது இதனால்தான். என் கணக்கில் முதல் இரண்டும் பனி அகற்றலும் சரியாக அமைந்தால் முக்கால் வேலை முடிந்தது.

காற்றிலிருந்து தொடங்குவோம். மைனஸ் 20 டிகிரியில் காற்று மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வீசினால், காற்றால் கூடும் குளிரைச் சொல்லும் கனடாவின் 'விண்ட் சில்' கணக்குப்படி உடலுக்கு மைனஸ் 27 போல இருக்கும். அதுவே 30 கி.மீ. என்றால் மைனஸ் 33. மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். வெப்பநிலையை யாராலும் மாற்ற முடியாது. காற்றின் வேகம் கட்டிடங்களை எப்படி அடுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, குளிர்கால வாடைக் காற்று வரும் திசையிலேயே நேர்கோட்டில் கடைத்தெருவை நீட்டுவது. அது புனல் போலக் காற்றை இழுக்கும். தெருவை இடையில் ஒரு முறை வளைத்தாலோ, குறுக்குத் தெருக்களை நேருக்கு நேர் வைக்காமல் தள்ளி வைத்தாலோ வேகம் குறையும். அடுத்த தவறு, நடைபாதை ஓரத்திலிருந்தே நேராக எழும் உயரக் கட்டிடம். மேலே மோதும் காற்று சுவரோடு வழிந்து கீழே நடப்பவர் மேல் இறங்கும். கீழே இரண்டு மூன்று மாடி உயரத்துக்கு அகலமான கட்டிடப் பகுதி வைத்து, கோபுரத்தை அதன்மேல் உள்ளே தள்ளிக் கட்டினால், இறங்கும் காற்று அந்தக் கூரையிலேயே சிதறிவிடும்.

இதன் உச்சகட்ட உதாரணம் வடக்கு கியூபெக்கில் உள்ள ஃபெர்மோன். 1970களின் தொடக்கத்தில் இரும்புத்தாதுச் சுரங்கத்துக்காகக் கட்டிய ஊர். காற்று வரும் பக்கம் சுமார் 1.3 கி.மீ. நீளத்துக்கு ஐந்து மாடிக் கட்டிடம் ஒரே மதில்போல நிற்கிறது. வீடுகள், கடைகள், பள்ளி, நீச்சல்குளம் எல்லாம் அதற்குள். தனி வீடுகள் அதன் மறைவில். சுரங்க நிறுவனம் ஒரே மூச்சில் கட்டும் ஊருக்கு அது சரி. மெல்ல வளரும் சாதாரண ஊருக்கு மரங்களே மேல். காற்று வரும் பக்கம் ஊசியிலை மரங்களை இரண்டு மூன்று வரிசையாக நடுங்கள். தெற்குப் பக்கம் இலையுதிர் மரங்கள் மட்டுமே. இதை மாற்றி நட்டால் உள்ள கொஞ்ச வெயிலும் போகும். முழுச் சுவரைவிடப் பாதி அளவு காற்று புகும் தடுப்பு நல்லது, பின்னால் சுழல் குறையும். ஆனால் அத்தகைய வேலி தன் உயரத்தைப்போல் 35 மடங்கு தூரம் வரை பனியைக் குவிக்கும். 2 மீட்டர் பனிவேலியைச் சாலையிலிருந்து 70 மீட்டர் தள்ளி வைக்காவிட்டால், குவியல் சாலையிலேயே விழும்.

வெயிலுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். எட்மண்டனில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 13 டிகிரிதான் ஏறும். 10 மீட்டர் கட்டிடத்தின் நிழல் 43 மீட்டர். மார்ச் 21இல் அதே நிழல் 13 அல்லது 14 மீட்டர். எல்லாத் தெருவுக்கும் டிசம்பர் வெயில் கிடைக்காது. ஆகவே பள்ளி முற்றம், சதுக்கம், பேருந்து நிறுத்தம், முதியோர் இல்லத்து வாசல் என்று முக்கியமான இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குத் தெற்கே உள்ள கட்டிடங்களின் உயரத்தை மட்டும் கட்டுப்படுத்துவது நடைமுறைக்கு ஒத்துவரும். தாழ்ந்த வெயிலில் தரையைவிடத் தெற்கு நோக்கிய சுவருக்கு நான்கு மடங்குக்கு மேல் நேரடி ஒளி கிடைக்கும். பெஞ்சைச் சதுக்கத்தின் நடுவில் போடாமல் அந்தச் சுவரை ஒட்டிப் போடுங்கள். மரப் பெஞ்சாக இருக்கட்டும், இரும்பு உட்கார்ந்தவுடன் உடற்சூட்டை உறிஞ்சிவிடும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்த வெயில் மனதுக்கும் தூக்கத்துக்கும்தான். வைட்டமின் டிக்கு அல்ல. எட்மண்டன் போன்ற ஊர்களில் நடுக்குளிர்காலத்தில் தோலில் அது உருவாகவே உருவாகாது. கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வெயில் வேண்டும் என்பதால், அங்கே குடியேறிய நம்மவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நகரத் திட்டத்தால் தீராத விஷயம் இது.

இனி பனி அகற்றல். வரைபடத்தில் அழகாக இருக்கும் பல ஊர்கள் தோற்பது இங்கேதான். பனிவாரும் வண்டி சாலையைச் சுத்தம் செய்து, வாரிய பனியை நடைபாதையில் தள்ளிவிட்டுப் போகும். தெருமுனையில் அது முழங்கால் உயர வரப்பாக இறுகிவிடும். வாக்கர் பிடித்த முதியவரோ, குழந்தை வண்டி தள்ளும் தாயோ அதைத் தாண்ட முடியாது, சாலையில் இறங்கித்தான் நடப்பார்கள். தீர்வு வடிவமைப்பிலேயே இருக்கிறது: சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒன்றரை முதல் 2 மீட்டர் வரை பனி தள்ள ஒரு பட்டை. நடைபாதை சிறிய பனிவண்டி போகும் அகலத்தில், கம்பமோ தொட்டியோ நடுவில் இல்லாமல். மழைநீர் வடிகால் வாய், நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவின் அடியில் வரக் கூடாது. சரிவுக்கு முன்பே, நீர் வரும் மேட்டுப் பக்கம் வேண்டும். இல்லாவிட்டால் உருகிய சேறு அங்கே தேங்கி இரவில் கண்ணாடியாக உறையும். வாரிய பனியைக் குவிக்க ஒதுக்கும் இடமும் பாதையைவிடத் தாழ்வாக இருக்கட்டும்.

எதை முதலில் வாருவது என்பதும் திட்டமிடல்தான். ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகா நகரம் வரிசையைத் திருப்பிப் போட்டது. மழலையர் பள்ளிகளைச் சுற்றிய வழிகள், நடைபாதை, சைக்கிள் பாதை முதலில், பெருஞ்சாலை பிறகு. 10 செ.மீ. பனியில் கார் ஓடும், குழந்தை வண்டி ஓடாது என்பதுதான் வாதம். பின்லாந்தின் ஒவுலுவில் முக்கிய சைக்கிள் பாதைகளைக் காலை வேலை நேரத்துக்கு முன்பே வாரிவிடுவார்கள். தார் தெரியும்வரை சுரண்டுவதும் இல்லை. இறுகிய வெண்பனியைச் சமமாக்கிச் சொரசொரப்பாக விட்டால் டயர் நன்றாகப் பிடிக்கும். பனியைவிட ஆபத்து, பகலில் உருகி இரவில் உறையும் நாள்கள்தான். மைனஸ் 20ஐவிடப் பூச்சியத்தை ஒட்டிய நாளில் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுவார்கள்.

உப்பைத் தூவினால் போகாதா என்பீர்கள். சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே ஏறக்குறைய வேலை செய்யாது. அதற்குமேல் குளிர்ந்தால் உடைகல் ஜல்லிதான் போட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஏப்ரலில் பனி உருகி, தெரு காய்ந்ததும், டயர்கள் அரைத்த கல் தூசியாக எழும். பின்லாந்து நகரங்களில் ஆஸ்துமாக்காரர்களுக்குக் கடினமான வாரங்கள் அவை. கழுவிச் சலித்த, நுண்துகள் இல்லாத ஜல்லி வாங்குவதும், வசந்தத்தில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் நீர் தெளித்து உறிஞ்சி எடுப்பதும் டெண்டரிலேயே எழுதப்பட வேண்டும். செலவு மிச்சம் என்று அந்த வரியை வெட்டிவிடுவது வழக்கம்.