ஓர் அணு தவறினால் பத்தாயிரம்

கேள்வி: முதலாண்டு மருத்துவ மாணவி நான். உடலியங்கியல் செய்முறை வகுப்பில் என் விரல் ரத்தத்தில் சிவப்பணுக்களை எண்ணியபோது ஒரு கன மில்லிமீட்டருக்கு 38 லட்சம் வந்தது. பக்கத்து மேசைத் தோழி எண்ணாமலேயே 50 லட்சம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டாள். எனக்கு ‘மறுபடி செய்’. இயந்திரம் நொடியில் எண்ணித் தரும் காலத்தில் இந்தக் கட்டம் எண்ணும் வேலை எதற்கு?

பதில்: உங்கள் தோழியைத் திட்ட எனக்கு வாயில்லை அம்மா. நானும் அதைச் செய்தவன். மாணவனாக இருந்தபோது எனக்கு முதலில் வந்தது 71 லட்சம். ரெக்கார்டில் கூசாமல் 52 என்று எழுதினேன். ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “ஐந்து கட்டத்திலும் தனித்தனியாக எத்தனை?” முழித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சேம்பரில், அதாவது அணுக்களை எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடியில், திரவம் வழியும் அளவுக்கு ஏற்றியிருக்கிறேன். மேலே மூடிய கண்ணாடித் தகடு மிதந்து, 0.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஆழம் கூடிவிட்டது.

சரி, உங்கள் 38-க்கு வருவோம். ரத்தத்தை 200 மடங்கு நீர்த்து, நியூபார் சேம்பரில் அந்த ஐந்து கட்டங்களுக்குள் இருக்கும் 80 சிறு கட்டங்களை எண்ணி, 10,000-ஆல் பெருக்குகிறோம். ஆக, நீங்கள் கண்ணால் பார்த்தது 380 அணுக்கள்தான். கோட்டின்மேல் உட்கார்ந்த ஓர் அணுவைத் தவறவிட்டால் பத்தாயிரம் போச்சு! மேல்கோட்டையும் இடக்கோட்டையும் தொட்டதைச் சேர், மற்ற இரண்டையும் தொட்டதை விடு என்று நாங்கள் கத்துவது இதற்காகத்தான்.

கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் எந்தக் கட்டத்தில் எத்தனை அணு விழும் என்பது தற்செயல். 380-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 20. அதாவது 2 லட்சம் கூடக்குறைய வருவது சகஜம், 4 லட்சம் விலகினாலும் ஆச்சரியமில்லை. ஒரே ரத்தத்தை இரண்டு முறை எண்ணி, இரண்டு முறையும் அச்சு அசலாக 50 காட்டுகிறவரைத்தான் நான் சந்தேகப்படுவேன். இயந்திரம் ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் அங்கே இந்த ஆட்டம் அடங்கிவிடுகிறது. ஆனால் அப்படி ஓர் ஆட்டம் இருப்பது கட்டம் எண்ணிய கைக்குத்தான் தெரியும்.

இருந்தாலும் 38 கொஞ்சம் குறைவுதான். ரத்தம் உறிஞ்சும் பிப்பெட் குழாயின் தண்டில் நிற்பது, நீர்க்கச் சேர்த்த வெறும் ஹேயம் திரவம். குலுக்கிய பின் முதல் சில சொட்டுகளை வெளியே விட்டீர்களா? அல்லது ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தீர்களா? பிழிந்தால் திசுநீர் கலந்துவிடும்.

புதிதாகக் குத்தி, சேம்பரின் இரண்டு பக்கமும் எண்ணுங்கள். ஐந்து எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். பழைய 38-ஐ அடிக்காதீர்கள், பக்கத்திலேயே இருக்கட்டும். மறுபடியும் அதை ஒட்டியே வந்தால், ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லி ஒரு மருத்துவரிடம் போங்கள். அப்போது பிப்பெட்டைக் குறை சொல்ல முடியாது.