கிரபீன் ஆராய்ச்சியா, டீச்சர் வேலையா? களுவாஞ்சிகுடித் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு பயம் கலந்திருக்கிறது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவான மகள் நான்காம் வருட ஆய்வைக் காபன் நனோப் பொருட்களில் (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய காபன் பொருட்களில்) செய்தால் வேலை கிடைக்குமா, டீச்சர் வேலைக்குப் போவதுதான் நல்லதா என்பது ஒன்று. கிடைத்தாலும் கொழும்புப் பக்கம் போடிங்கில் தனியாக இருக்க வேண்டி வருமே என்பது மற்றது. இரண்டாவதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: ஆம், பெரும்பாலும் வரும். இத்துறையில் கம்பனிகளும் அரசும் சேர்ந்து 2008இல் தொடங்கிய ஸ்லின்டெக் ஆய்வு நிறுவனம் ஹோமாகம பிட்டிபனவில்தான் இருக்கிறது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இதற்கான தொழிற்சாலையை எதிர்பார்த்து இருக்க முடியாது.

முதல் பயத்துக்குத்தான் விரிவான பதில் தேவை. எந்தக் கம்பனியும் "நனோ படித்தவர்" என்று ஆள் தேடுவதில்லை. ஒரே பொருளைப் பத்துத் தரம் செய்து, பத்துத் தரமும் ஒரே மாதிரி வந்ததை அளந்து காட்டக்கூடியவரைத்தான் தேடுகிறார்கள். ஆகவே மகளின் ஆய்வுத் தலைப்பு எவ்வளவு புதியது என்று பார்க்காதீர்கள். அது இந்தப் பழக்கத்தைக் கொடுக்குமா என்று பாருங்கள்.

இலங்கையில் இத்துறைக்கு இரண்டு மூலப்பொருள்கள் பலம். ஒன்று காரீயம், அதாவது பென்சிலில் இருக்கும் கிரபைற்று. போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு போல ஓடுகிற இந்தக் காரீயத்தில், தோண்டி எடுத்த நிலையிலேயே 95 வீதத்துக்கு மேல் காபன் உள்ள துண்டுகள் கிடைக்கும். ஓர் அணு அளவே தடிப்புள்ள காபன் படையான கிரபீனைச் செய்ய இதுதான் தொடக்கம். மற்றது நம் முற்றத்துச் சிரட்டை. சிரட்டைக்கரியை 800 முதல் 1000 பாகை வரையான வெப்பத்தில் நீராவியோடு சேர்த்து, நுண்துளைகள் நிறைந்த அக்டிவேட்டட் காபன் செய்யும் தொழில் இங்கு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஹேகார்ப் கம்பனி 1973இல் தொடங்கியது. நனோ என்ற பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் இரசாயனவியல் பட்டதாரிக்கு அங்கே வேலை உண்டு.

கிரபீன் ஒட்சைட்டு (ஒட்சிசன் சேர்ந்த கிரபீன்) என்று மேற்பார்வையாளர் தலைப்புக் கொடுத்தால் முதலில் பாதுகாப்பைக் கேட்கச் சொல்லுங்கள். 1958இல் வந்த ஹம்மர்ஸ் முறையில் காரீயத்தைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் போட்டுப் பொட்டாசியம் பரமங்கனேற்றைச் சேர்ப்பார்கள். பனிக்கட்டித் தொட்டியில் 20 பாகைக்குக் கீழே வைத்து, சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் வெப்பம் ஏறும். 55 பாகை தாண்டினால் உள்ளே உருவாகும் மங்கனீசு ஒட்சைட்டு வெடிக்கவும் கூடும். புகையை வெளியே இழுக்கும் கூண்டும் மேற்பார்வையும் இல்லாத ஆய்வுகூடத்தில் இதைச் செய்யவே கூடாது. முடிந்தபின் கழுவுவது இன்னொரு தலையிடி. அமிலம் குறையக் குறையப் பொருள் வீங்கிக் கூழாகும், மையநீக்கியில் வேகமாகச் சுழற்றினாலும் அடியில் படியாது. மாணவர்கள் பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து அரைகுறையாகக் கழுவி, பிறகு எல்லா அளவீடும் பிழைத்து நிற்பார்கள்.

எங்கள் பரிந்துரை சிரட்டை அல்லது உமி. அம்பாறை ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. நெல்லின் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு உமிதான். ஆனால் உமியை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைச் சோடியம் ஐதரொட்சைட்டில் கரைத்து எடுக்காமல் "உமிக் காபன்" என்று அளந்தால், அளப்பது பாதி மணலை! சிரட்டையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கரியில் நுண்துளைகளை உண்டாக்க, சிரட்டைக்கரியோடு இரண்டு முதல் நான்கு மடங்கு எடை பொட்டாசியம் ஐதரொட்சைட்டைக் கலந்து, நைதரசன் ஓட்டத்தில் 700 முதல் 850 பாகைக்குச் சூடாக்குவது வழமை. பிழைக்கும் இடங்கள் மூன்று. நைதரசன் குழாயில் சிறு கசிவு இருந்தால் காபன் எரிந்து சாம்பல்தான் மிஞ்சும். பொட்டாசியம் ஐதரொட்சைட்டு அந்தச் சூட்டில் அலுமினாக் குகையை (சூடாக்கும் கிண்ணத்தை) அரிக்கும், அதனால் நிக்கல் குகை எடுப்பார்கள். கடைசியில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தாலும் நீராலும் நடுநிலை வரும்வரை கழுவாவிட்டால் நுண்துளைகள் உப்பால் அடைபட்டே இருக்கும். கடற்கரை ஊரின் ஈரக் காற்றையும் மறக்க வேண்டாம். மேற்பரப்பு அளவு எடுக்குமுன் மாதிரியை வெற்றிடத்தில் சூடாக்கி ஈரத்தை நீக்காவிட்டால் இலக்கம் குறைத்தே காட்டும்.

எல்லா அளவீட்டுக் கருவியும் ஒரே இடத்தில் இருக்காது. இராமன் நிறமாலைக்கும் (லேசர் ஒளியால் காபனின் அமைப்பைப் பார்க்கும் அளவீடு) இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கும் பேராதனைக்கோ ஹோமாகமவுக்கோ மாதிரியை அனுப்பிக் காசு கட்டி எடுக்க நேரலாம். ஆகவே தலைப்பு உறுதியான வாரமே மேற்பார்வையாளரிடம் இரண்டு விடயம் கேட்கட்டும்: எத்தனை மாதிரிக்குக் காசு இருக்கிறது, வரிசையில் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும். ஆய்வறிக்கை பிந்துவதற்கு இதுதான் பெரிய காரணம். படிக்காததல்ல.

கம்பனியோடு சேர்ந்து செய்யும் ஆய்வென்றால் வேறு விதிகளும் உண்டு. இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். போடலாம், ஆனால் ஆய்வறிக்கையைப் பரீட்சகர் பார்க்க அனுமதி உண்டா, எத்தனை மாதம் வெளியிடாமல் வைக்க வேண்டும் என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்குமுன் ஆய்வரங்கில் சுவரொட்டி கூட வைக்கக்கூடாது. பல நாடுகளில் அத்தோடு புதுமை என்ற தகுதி போய்விடும். கம்பனி கேட்கும் இலக்கமும் வேறு. இந்தக் காபனை மின்வாயில் பூசி எவ்வளவு மின்னைத் தேக்கும் என்று பார்க்கும் மின்தேக்கி ஆய்வில், மூன்று மின்வாய் முறையில் வரும் பெரிய இலக்கத்தை மாணவர்கள் ஆசையோடு காட்டுவார்கள். கம்பனிக்காரருக்கு உண்மையான மின்தேக்கியைப் போன்ற இரண்டு மின்வாயில், சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில் பூசி எடுத்த இலக்கம்தான் வேண்டும். 1 மில்லிகிராம் பூசிய மெல்லிய படையில் எல்லாமே அழகாக வரும். கிரபீன் விற்பவர்களையும் அப்படியே நம்ப முடியாது. 2018இல் உலகெங்கும் 60 கம்பனிகளின் கிரபீனை அளந்தபோது, பெரும்பாலானவற்றில் உண்மையான கிரபீன் 10 வீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. இதை அளந்து பிடிக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு.

உடல்நலம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஈரமாகக் கையாளும் கிரபீன் ஒட்சைட்டை விட, உலர்ந்து பறக்கும் காபன் நனோகுழாய்த் தூளுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஒரு கன மீற்றர் காற்றில் 1 மைக்கிரோகிராம் என்றே எல்லை பரிந்துரைத்திருக்கிறது. சாதாரணத் துணி மாஸ்க் போதாது.

பட்டத்துக்குப் பிறகு? நான்கு வருடச் சிறப்புப் பட்டம் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் 6ஆம் மட்டம். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நேரே போக அது உதவும், மூன்று வருடப் பட்டத்தோடு அது கஷ்டம். உள்ளூரில் ஆய்வு நிதியுள்ள விரிவுரையாளரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து எம்பில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவது ஒரு வழி. வெளிநாடு என்றால் ஜப்பான் அரசின் மெக்ஸ்ட், கொரிய அரசின் ஜிகேஎஸ் புலமைப்பரிசில்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் விஞ்ஞான ஆராய்ச்சிப் பட்டத்துக்கு நல்ல மாணவரிடம் பல்கலைக்கழகம் பெரும்பாலும் காசு கேட்பதில்லை, காசு கொடுக்கும். ஆகவே பிஎச்டிக்கு இடம் எடுத்துத் தருகிறேன் என்று இலட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டுக்குக் காணியை ஈடு வைக்காதீர்கள். "நனோ டிப்ளோமா" என்ற வார இறுதி வகுப்புக்கும் அதே பதில்தான்.

டீச்சிங் விண்ணப்பம் கோரினால் போடட்டும், போடுவதில் நட்டமில்லை. ஆனால் நியமனம் எடுத்துவிட்டுப் பின்னேரங்களில் ஆய்வு செய்வேன் என்று மகள் சொன்னால் உலையின் கணக்கைக் காட்டுங்கள். நிமிடத்துக்கு 5 பாகை வீதம் 800க்கு ஏற்ற இரண்டரை மணித்தியாலம், அங்கே நிறுத்தி வைக்க ஒன்று, தானாக ஆற ஓர் இரவு. நைதரசன் சிலிண்டரை அதுவரை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். களுவாஞ்சிகுடிப் பள்ளிக்கூடம் விட்டு, வந்தாறுமூலைக்கு பஸ் பிடித்துப் போய்ச் செய்கிற வேலை அல்ல அது.