1870-ல் பந்தயம் ஓடிய படகா இது?

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கும் மகனோடு நியூ ஆர்லியன்ஸ் போகிறோம். மிசிசிப்பியில் 'நாட்செஸ்' நீராவிப் படகில் இரவு விருந்துக்கு டிக்கெட் எடுக்கலாம் என்கிறான். 1870-ல் பந்தயம் ஓடிய படகு இதுதானா? இரவில் போகலாமா, பகலிலா?

பதில்: பெயர்தான் அது, படகு வேறு. கேப்டன் தாமஸ் லெதர்ஸ் தன் படகுகளுக்கு வரிசையாக நாட்செஸ் என்றே பெயர் வைத்தார். 1870-ல் ஓடியது ஆறாவது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து செயின்ட் லூயிஸ் வரை 'ராபர்ட் ஈ. லீ' படகோடு போட்டி. லீயின் கேப்டன் சரக்கே ஏற்றாமல், வேண்டாத பாரத்தையும் கழற்றிப் போட்டுவிட்டுக் கிளம்பினார். லெதர்ஸ் வழக்கம்போல் சரக்கும் பயணிகளுமாகப் போனார். போதாததற்கு மூடுபனி வேறு. 3 நாள் 18 மணி 14 நிமிடத்தில் லீ ஜெயித்துவிட்டது.

நீங்கள் ஏறப்போவது 1975-ல் கட்டிய ஒன்பதாவது நாட்செஸ். அதற்காக வெறும் வேஷம் என்று நினைக்க வேண்டாம். டீசலில் ஓடும் சுற்றுலாப் படகுகள் நிறைய இருக்க, இது உண்மையாகவே நீராவியில் ஓடுகிறது. எஞ்சின்கள் 1925-ஐச் சேர்ந்தவை. 'கிளேர்டன்' என்ற இழுவைப் படகிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தவை. பின்னால் சுற்றும் துடுப்புச் சக்கரம் மட்டுமே 26 டன். எஞ்சின் அறைக்குள் பயணிகளை விடுகிறார்கள். அந்தப் பழைய எஞ்சின்கள் அங்கேதான் இருக்கின்றன, அவசியம் இறங்கிப் பாருங்கள்.

இந்த விருந்துப் பயணத்துக்கும் ஒரு கதை உண்டு. ரயில் வந்து சரக்கையும் பயணிகளையும் கொண்டுபோன பிறகு, ஸ்ட்ரெக்ஃபஸ் குடும்பம் போன்ற படகுக்காரர்கள் ஆட்டம் பாட்டத்தை விற்கத் தொடங்கினார்கள். பின்னாளில் ஜாஸ் இசையில் பெரும்புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங், இளைஞனாக 1919 வாக்கில் அவர்கள் படகில்தான், ஃபேட் மாரபிளின் இசைக்குழுவில் கார்னெட் என்ற ஊதுகருவி வாசித்தார். வாசித்தவர்கள் கறுப்பர்கள், ஆனால் செயின்ட் லூயிஸில் கறுப்பர்கள் பயணிகளாக ஏற ஒதுக்கியது திங்கள் இரவு மட்டுமே.

சரி, இரவா பகலா? என்னைக் கேட்டால் பகல். இருட்டில் நகர விளக்குகளைத் தாண்டினால் கரையில் பார்க்க அதிகம் இல்லை. பகலில் சர்க்கரை ஆலை, துறைமுகம், 1815-ல் ஆங்கிலேயரோடு போர் நடந்த சால்மெட் எல்லாம் தெரியும். ஜாஸ் இரண்டு வேளையும் உண்டு. இரவுதான் வேண்டும் என்றால், சாப்பாடு இல்லாத டிக்கெட்டும் தருகிறார்களா என்று விசாரியுங்கள். சைவம் என்றால் கட்டாயம் கேளுங்கள்: அந்த ஊரில் ராஜ்மா போன்ற சிவப்பு பீன்ஸைக்கூடப் பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேக வைப்பார்கள்.

அப்புறம், கொஞ்சம் முன்னாலேயே துறைக்குப் போய்விடுங்கள். மேல்தளத்தில் நீராவியால் ஊதும் கலியோப்பி என்ற வாத்தியத்தை வாசிப்பார்கள். டிக்கெட் இல்லாமலே கேட்கலாம். தெருக்கோடி வரை கேட்கும்.