பரணில் கிடக்கும் மிருதங்கம்

வணக்கம் சார்,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியின் வினாடி வினா அணியில் இருக்கிறாள். இசை, சினிமா, மொழி, அறிவியல் என்று எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் வரும். தமிழின் முதல் பேசும் படம், முதல் அச்சுப் புத்தகம், தேசிய அறிவியல் தினம், எல்லாம் மனப்பாடம். போன மாதம் மாவட்டப் போட்டியில் இரண்டாம் இடம். ஒரே ஒரு கேள்வியில் முதலிடம் போய்விட்டது. அடுத்த வருடம் மாநில அளவுக்குப் போக வேண்டும் என்று தீவிரமாக இருக்கிறோம். இதற்காக மிருதங்க வகுப்பைக்கூட ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டோம், வாத்தியம் பரணில் இருக்கிறது. என் கணவர் "எல்லாம் செல்போனில் இருக்கும்போது எதற்கு மனப்பாடம்" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பொது அறிவுக்கு நல்ல புத்தகங்கள் எவை என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்,

முதலில் உங்கள் மகளுக்கு என் வாழ்த்து. மாவட்டத்தில் இரண்டாம் இடம் சின்ன விஷயம் இல்லை. கைவிட்டுப் போன அந்த ஒரு கேள்வியைப் பற்றி வீட்டில் இனி யாரும் பேச வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. செல்போனில் இருப்பது செல்போனில்தான் இருக்கிறது. தலைக்குள் நாலு விஷயம் ஏற்கெனவே கிடந்தால்தான் ஐந்தாவது வந்து ஒட்டும். மனப்பாடத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை கேள்விகளோடுதான். கொஞ்ச நாளாகவே இது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் கடிதம் வந்து கிளறிவிட்டது. நம் ஊர் வினாடி வினாவில் யார், எப்போது, எது முதல் என்பதைத் தாண்டிக் கேள்வியே வருவதில்லை. முதல் பேசும் படம் காளிதாஸ், 1931. மணி அடித்தாயிற்று, மதிப்பெண் விழுந்தாயிற்று, அடுத்த கேள்வி. அந்தப் படத்தில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். காளிதாசன் கதைக்கு நடுவே தியாகராஜர் கீர்த்தனையும் வந்தது, காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டும் வந்தது. அது எப்படி நடந்தது, எந்த மொழி என்று பார்க்காமல் ஜனங்கள் ஏன் போய்ப் பார்த்தார்கள் என்று ஒரு குழந்தை கேட்டால் அங்கிருந்து ஒரு மணி நேரம் பேசலாம். அதே ராஜலட்சுமி 1936-ல் மிஸ் கமலா என்ற படத்தைத் தானே இயக்கினார். முதல் அச்சுப் புத்தகமும் அப்படித்தான். கொல்லத்தில் 1578-ல் அச்சான தம்பிரான் வணக்கம், 16 பக்கம். ஆனால் 1554-லேயே லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழை அச்சடித்துவிட்டார்கள். அப்படியானால் எது முதல்? இந்தச் சந்தேகம் வருகிற பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன். சரி, அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கோபப்படுத்தியது ஒரே ஒரு வரி. மிருதங்கத்தைப் பரணில் போட்டுவிட்டீர்கள், அதுவும் பொது அறிவுக்காக!

உங்கள் மகளிடம் சர் சி. வி. ராமனைப் பற்றிக் கேளுங்கள். 1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு. 1930, நோபல் பரிசு. அறிவியல் தினம் அவருடைய பிறந்தநாள் அல்ல, பிறந்தநாள் நவம்பர் 7 என்பது வரை தடுமாறாமல் சொல்லிவிடுவாள். ராமன் விளைவுக்கு எட்டு வருடம் முன்னால், 1920-ல், அதே ராமன் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் மிருதங்கம், தபலா பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தெரிந்திருக்காது, ஏனென்றால் அதற்கு ஒற்றை வரியில் பதில் கிடையாது.

விஷயம் இதுதான். வீணையின் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வுகளும் சேர்ந்து எழும். அதனால்தான் காதுக்கு அது ஒரே சுரமாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோல் அப்படி இல்லை. அதன் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று பொருந்தாத கணக்கில் போகும், சுருதி நிற்காது. (பறை குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை, அதன் வேலை வேறு.) மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலது பக்கத் தோலில், நடுவே கறுப்பாக இருக்கிறதே, சாதம் என்றும் கரணை என்றும் சொல்வார்கள், அந்தக் கனம்தான் இந்தக் கணக்கை மாற்றுகிறது. 1, 2, 3, 4, 5 என்று தந்தியைப் போலவே தோலையும் பாட வைக்கிறது. தோலின் ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்தே சுரங்களாக ஒன்றுசேர்வதை ராமன் காட்டினார். தோல் மேல் மெல்லிய மணலைத் தூவி, அசையாத கோடுகளில் மணல் போய் ஒதுங்குவதையும் பதிவு செய்தார்.

இன்னும் கேளுங்கள். உங்கள் மகள் வலது கையால் 'நம்' என்ற அடியை வாசிக்கும்போது ஆள்காட்டி விரல் ஓரத்தில் அடிக்கும், மோதிர விரல் சாதத்தின் விளிம்பில் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த விரல் அங்கே சும்மா இல்லை. தோல் முழுக்க ஒன்றாக மேலும் கீழும் போவதுதான் அடிப்படை அதிர்வு. விரல் பட்டதும் அது அடங்கிவிடும். நடுவே ஒரு கோடு அசையாமல் நிற்க, இரண்டு பாதிகளும் எதிரெதிராக ஆடுகிற அடுத்த அதிர்வு மட்டும் தப்பிக்கும், ஏனென்றால் விரல் இருப்பது அந்த அசையாத கோட்டில்தான். இதை ஒன்பதாம் வகுப்புக் குழந்தை தன் விரலாலேயே செய்திருக்கிறாள். செய்துகொண்டிருந்தவளை நிறுத்திவிட்டு, ராமன் பிறந்த வருடத்தை மனப்பாடம் பண்ண உட்கார வைத்திருக்கிறீர்கள்.

தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் சாதம் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குழைந்த சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் சேர்த்துப் பிசைந்த கறுப்பு விழுது. பட்டறைக்காரர் அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் பரப்பினார், வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தார், காய்ந்ததும் ஒரு தட்டு, அப்புறம் அதைவிடச் சற்றுச் சின்னதாக அடுத்த அடுக்கு. வாசலில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது ஓங்கிய விரலை அப்படியே நிறுத்தி, சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் தட்டினார். முதல் அடுக்குகளில் 'டொப்' என்று செத்த சத்தம். எந்த அடுக்கில் என்று என்னால் பிடிக்க முடியவில்லை, திடீரென்று அந்தத் தோலில் சுருதி வந்துவிட்டது. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரை வினாடி வினாவில் கேட்பார்கள். அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த தஞ்சாவூர் பர்லாந்தை யாரும் கேட்பதில்லை. தோலையும் சோற்றையும் கல்லையும் வைத்து, ராமன் எழுதுவதற்கு எத்தனையோ காலம் முன்பே ஒரு கணக்கைத் தீர்த்து வைத்தவர்கள் இந்தக் கைவினைஞர்கள். அவர்களை விட்டுவிட்டு என்ன பொது அறிவு?

கோபமாக எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள். குழந்தைக்காக நீங்கள் அலைவது எனக்குப் புரிகிறது. எத்தனை வீடுகளில் அதுவும் இல்லை என்பதும் தெரியும்.

ஆனாலும் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். பரணில் இருந்த வாத்தியத்தில் தோலை இழுத்துக் கட்டிய வார் தளர்ந்திருக்கும், சாதமும் உதிர்ந்திருக்கலாம். மிருதங்கம் செய்பவரிடம் நீங்களே எடுத்துக்கொண்டு போய்ச் சரிபார்த்துக் கொண்டுவராமல் அவளையும் கூட்டிப் போங்கள். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கட்டும். வீட்டுக்கு வந்ததும், தோல் முழுக்க அதிர விடுகிற 'தீம்' ஒன்று, 'நம்' ஒன்று வாசித்து இரண்டையும் வாயால் பாடிப் பார்க்கட்டும், 'நம்' ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே நிற்பது தெரியும். தொப்பி என்கிற இடது பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார்களே, அது சுருதியை என்ன செய்கிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அதை நான் இங்கே சொல்லப் போவதில்லை.

புத்தகங்கள் கேட்டிருந்தீர்கள். கடையில் கிடைக்கிற எந்தப் பொது அறிவுப் புத்தகமும் போதும், எல்லாவற்றிலும் இருப்பது ஒன்றேதான்.

மாநிலப் போட்டியின் தேதி தெரிந்ததும் எழுதுங்கள். நின்றுபோன மிருதங்க வகுப்பு மறுபடி எந்தக் கிழமை ஆரம்பித்தது என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும்.