சாவி தலையணைக்கு அடியில் இருக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். கணவருக்குக் கோவையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்ததிலிருந்து எல்லா ஜன்னலுக்கும் கிரில் போட்டுவிட்டேன். இரவில் உள்பக்கம் இரண்டு பூட்டு, சாவி தலையணைக்கு அடியில். கரடி பயம் வேறு. ஜன்னலைச் சாத்தி, குளிருக்குக் கரி அடுப்பு வைக்கிறேன். 8 வயது மகன் இப்போது பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போவதில்லை. கேமராவும் வைத்துவிடலாமா?

பதில்: கேமராவை அப்புறம் பார்ப்போம். இன்று ராத்திரியே வெளியே போக வேண்டியது அந்தக் கரி அடுப்பு. புகையே இல்லாமல் கனன்றாலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல் என்று தொடங்கும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. கொடைக்கானலில் அறைக்குள் கரியை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தாலும் இது சரியாகாது. கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

அடுத்தது பூட்டு. மின்கசிவில் தீப்பிடித்தால் கரண்ட் போய்விடும், அறை முழுக்கப் புகை. அதில் இருமிக்கொண்டே சாவியைத் தடவி, இரண்டு பூட்டைத் திறப்பீர்களா? திருடனைத் தடுக்கும் அதே கிரில்தான் தீயணைப்பு வீரரையும் தடுக்கும். வீட்டில் ஆள் இருக்கும்போது கனமான இரும்புத் தாழ்ப்பாள் போதும். பூட்டு வெளியூர் போகும்போது. படுக்கையறையில் ஒரு கிரில்லையாவது வெல்டரிடம் சொல்லி, கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி மாற்றுங்கள். விளக்கை அணைத்துவிட்டு மகனைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவனால் முடியவில்லை என்றால் அந்தத் தாழ்ப்பாள் சரியில்லை.

கரடி நகைக்காக வருவதில்லை. எண்ணெய், பழம், குப்பை வாசனைக்குத்தான் வருகிறது. மிச்சச் சாப்பாட்டை இரவில் வெளியே வைக்காதீர்கள். வேலியில் வீட்டுக் கரண்டைக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்: அது குற்றம், ஆளும் சாகலாம்.

உங்கள் பயத்தைப் பார்த்துத்தான் மகனும் பயப்படுகிறான் என்று நினைக்கிறேன். தாழ்ப்பாளை அவனே ஒருமுறை போடட்டும். நீங்கள் எழுந்துபோய் மறுபடி இழுத்துப் பார்க்காதீர்கள். படுக்கும் நேரத்தில் திருட்டுப் பேச்சும் வேண்டாம். சில வாரமாகியும் தூக்கம் வராவிட்டால், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேமரா வாங்கினால் வாசலுக்கு ஒன்று போதும். பூனை போனாலும் இலை அசைந்தாலும் போனில் மணியடிக்கும். ராத்திரியில் அந்தச் சத்தத்தை அணைத்துவிடுங்கள்.