முதல் கில்ட் உடை: 350 பவுண்டை எதில் போடுவது?

கேள்வி: கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறேன். அக்டோபரில் ஸ்டர்லிங் பக்கம் சக ஊழியர் ஒருவருக்குத் திருமணம். ஆண்கள் எல்லாரையும் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கொசுவம் வைத்த பாவாடை போன்ற உடை, உடுத்தி வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மே மாதம் நியூஜெர்சியில் நண்பன் திருமணத்துக்கும் அதையே உடுத்த நினைக்கிறேன். கையில் இருப்பது 350 பவுண்டு. இணையக் கடை ஒன்றில் எட்டு உருப்படிகளும் சேர்த்து 249 பவுண்டு என்கிறார்கள். வாங்கலாமா? டார்டன் என்கிற கட்டம் போட்ட துணி வடிவம் குலத்துக்கு ஒன்று என்கிறார்கள். எனக்கு ஸ்காட்லாந்துக் குலப்பெயர் எதுவும் கிடையாது, எந்த டார்டன் போடலாம்?

பதில்: அந்த எட்டு உருப்படிச் செட்டை வாங்காதீர்கள். ஒரே ஒரு திருமணம் என்றால் வாடகைக்கு எடுங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். இரண்டுக்கு உடுத்தப் போகிறீர்கள், ஸ்காட்லாந்திலேயே இருக்கவும் போகிறீர்கள். அதனால் வாங்குவது சரிதான். ஆனால் பணம் கில்ட்டில் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் எளிமையாக இருந்தால் போதும். செட் விற்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் ஸ்போரன் (இடுப்புக்கு முன்னால் தொங்கும் பை), கில்ட்டில் குத்தும் கல் வைத்த ஊசி, சிறு கத்தி என்று படத்தில் கண்ணைப் பறிக்கிற சாமான்களை அடுக்கிவிட்டு, கில்ட்டை மட்டும் அக்ரிலிக்கிலோ பாலியஸ்டர் விஸ்கோஸிலோ தைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.

நல்ல கில்ட்டுக்குக் கம்பளித் துணிதான். கெஜத்துக்கு 13 அல்லது 16 அவுன்ஸ் எடை, மொத்தம் 8 கெஜம். புதிதாகக் கையால் தைக்கக் கொடுத்தால் 400 பவுண்டுக்குக் குறையாது. உங்கள் பணத்துக்கு அது எட்டாது. ஆனால் அதே தரக் கில்ட் பழையதாக 100 முதல் 180 பவுண்டுக்குள் கிடைக்கும். சாரிட்டி கடைகளில் பாருங்கள். வாடகைக் கடைகள் கழித்துவிடும் சரக்கையும் கேளுங்கள். கம்பளி கில்ட் முப்பது வருடம் உழைக்கும், பத்து வருடப் பழசு ஒரு குறையே இல்லை.

கையில் எடுத்ததும் முதலில் கீழ் ஓரத்தைப் பாருங்கள். நல்ல கில்ட்டின் அடியை மடித்துத் தைத்திருக்க மாட்டார்கள். தறியிலிருந்து வந்த நெசவு ஓரமே அடி ஓரமாக நிற்கும். மடித்து மெஷின் தையல் ஓடியிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். அடுத்து, பின்பக்கக் கொசுவத்தில் ஒன்றை விலக்கி ஒரு விரலை உள்ளே விடுங்கள். 8 கெஜக் கில்ட்டில் விரல் முழுதாக உள்ளே போகும். மலிவுச் சரக்கில் முதல் கணுவிலேயே துணி முடிந்துவிடும், நடக்கும்போது அது ஆடாமல் பலகை மாதிரி நிற்கும். பிறகு டார்டன் கோடு இடுப்பிலிருந்து அடிவரை நேராக இறங்குகிறதா பாருங்கள். கொசுவத்துக்குக் கொசுவம் கோடு விலகினால் தைத்தவருக்குக் கைப்பழக்கம் இல்லை.

உள்ளே லேபிளில் நூல் விவரம் இருக்கும். அதைப் போட்டே ஆக வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் இருக்கிறது. எங்கே தைத்தது என்று போடச் சட்டம் இல்லை. இதுதான் எனக்கு ஆறாத கோபம். ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணிக்கு 1993இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், நெசவாளர் வீட்டிலேயே கைத்தறியில் நெய்தால்தான் அந்தப் பெயர். நாட்டின் அடையாளமான கில்ட்டுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைத்து வருவது எடின்பரோவில் 'ஸ்காட்லாந்து வடிவமைப்பு' என்று அட்டை மாட்டிக்கொண்டு தொங்குகிறது. சியால்கோட் தையற்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு என்ன கூலி போயிருக்கும் என்று அட்டை மாட்டியவரைத்தான் கேட்க வேண்டும்.

குலப்பெயர் விஷயத்திலும் இடைத்தரகர்கள் உண்டு. 'உங்கள் குடும்பப் பெயருக்கு ஏற்ற டார்டன் கண்டுபிடித்துத் தருகிறோம், சான்றிதழும் உண்டு' என்பார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். யாரும் எந்த டார்டனையும் உடுத்தலாம், தடுக்கச் சட்டம் இல்லை. 'பதிவு பெற்ற டார்டன்' என்று பெருமையடிப்பதிலும் ஒன்றுமில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசுப் பதிவேடு கோடுகளின் வடிவத்தைத்தான் பதிகிறது. துணி கம்பளியா, நைலானா என்று அது பார்ப்பதில்லை. உங்களுக்கு பிளாக் வாட்ச் என்ற டார்டனை எடுங்கள். கரும்பச்சையும் கருநீலமும் கலந்தது, மேலே எந்தக் கோட்டு போட்டாலும் சேரும், பழைய சரக்கில் தாராளமாகக் கிடைக்கும்.

அளவில் ஏமாறாதீர்கள். கில்ட் நிற்பது பேன்ட் நிற்கும் இடத்தில் அல்ல. வேட்டி கட்டுகிற மாதிரி தொப்புள் மட்டத்தில் நிற்கும். பேன்ட் அளவு 34 என்று சொல்லி வாங்கினால் அங்கே பூட்டாது. தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று, பிட்டம் அகன்ற இடத்தில் ஒரு சுற்று எடுங்கள். பிறகு தரையில் மண்டியிட்டு நிமிர்ந்து நின்று, தொப்புளிலிருந்து தரைவரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் நீளம். இடுப்பு ஓர் அங்குலம் முன்பின் இருந்தால் கவலை வேண்டாம், பக்கிளை நகர்த்தித் தைத்துக்கொள்ளலாம். நீளம் தவறினால் வாங்க வேண்டாம்.

மேலே போடும் கோட்டுக்கு, வாடகைக் கடை கழித்த கறுப்பு ஆர்கைல் கோட்டு, வெயிஸ்ட்கோட்டோடு 60 முதல் 90 பவுண்டு. பிரின்ஸ் சார்லி கோட்டு மாலை விருந்துக்கானது, போ டை இல்லாமல் எடுபடாது. ஆர்கைல் பகலுக்கும் ஆகும், இரவுக்கும் ஆகும். வெயிஸ்ட்கோட் போட்டால் பெல்ட் வேண்டாம். வெள்ளைச் சட்டை, கறுப்பு லெதர் ஷூ உங்களிடமே இருக்கும். கணுக்கால்வரை நாடா சுற்றும் ஷூவுக்கு 50 பவுண்டு கொடுக்க அவசியம் இல்லை. முழங்காலுக்குக் கீழே மடித்து விடும் கம்பளிக் காலுறை 20 பவுண்டு. காலுறைக் கத்தி வேண்டவே வேண்டாம்.

ஸ்போரன் மட்டும் நின்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் நீங்கள் அமெரிக்கா போகிறீர்கள். பழைய விருந்து ஸ்போரன்களில் நிறைய சீல் என்ற கடல் விலங்கின் தோலால் ஆனவை. கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்க 1972இல் போட்ட சட்டப்படி அமெரிக்காவுக்குள் சீல் தோல் கொண்டுபோகத் தடை. பழசு, தாத்தா கொடுத்தது, சொந்த உபயோகம் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது, சுங்கத்தில் பிடுங்கிவிடலாம். விற்பவர் 'முயல் தோல்தான்' என்று சாதிப்பார். தடவிப் பாருங்கள். முயல் ரோமம் மெத்தென்று எந்தப் பக்கமும் சாயும். சீல் ரோமம் குட்டையாக, விறைப்பாக, ஒரே பக்கமாகப் படிந்து பளபளக்கும். எதிர்த்துத் தடவினால் குத்தும். பெரும்பாலும் வெள்ளி நிறத்தில் கரும்புள்ளி இருக்கும். சென்ற வருடம் ஓர் இளைஞர் 45 பவுண்டு கொடுத்து வாங்கிய ஸ்போரனை என்னிடம் காட்டினார். பின்பக்கத் தோலில் கடை முத்திரை இருந்தது, எந்த விலங்கு என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, விமானத்தில் கொண்டுபோகாதீர்கள் என்று சொன்னேன். ரோமமே இல்லாத கறுப்பு மாட்டுத்தோல் ஸ்போரன் 30 பவுண்டுக்குக் கிடைக்கிறது. திருமணத்துக்கு அதுவே போதும்.

எல்லாம் சேர்த்தால் 320 பவுண்டுக்கு மேல் போகாது. மிச்சப் பணத்தில் கில்ட் தைப்பவர் ஒருவரிடம் கொடுத்துப் பக்கிளைச் சரிசெய்து, கொசுவத்தை நீராவியில் அழுத்தச் சொல்லுங்கள். கோடை முழுக்கத் திருமண வேலை அவர்களிடம் குவிந்து கிடக்கும். அதனால் ஆகஸ்டுக்குள் கொடுத்துவிடுங்கள். கில்ட்டில் ஊசி குத்துவதானால், முன்பக்கத்தில் மேல் துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினால், முதல் முறை உட்கார்ந்து எழும்போதே துணி கிழியும்.